கோயில் அரசமரத்தில் முடி முளைத்த குழல்களோடு ஓர் அசுவினி: இதை மலேசியாவுக்குப் புதிய பதிவு என்று சொல்லலாமா?

அரசடி (சுங்கை சிப்புட், பேராக்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட் நகரை ஒட்டி, முன்பு பால்மரக் காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தின் முகப்பில் எங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறது. லயங்களை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கோயிலும் அதன் பக்கத்தில் நிற்கும் அரசமரமும்தான் மிச்சம். வாரம் ஒரு நாள் பழைய மாணவர்களின் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று செடி, கொடி, பூச்சிகளைக் காட்டி வருகிறேன்.

சென்ற மாதம் நல்ல மழைக்குப் பிறகு மரம் செந்தளிர் விட்டது. அடுத்த வாரம் நாங்கள் போனபோது மரத்தடிச் சிமெண்டு மேடை முழுவதும் கால் ஒட்டுகிற அளவுக்குப் பிசுபிசுத்தது. கீழ்க்கிளை இலைகளின் மேற்புறத்தில் கரும்பூசணம் படிந்திருந்தது. தளிர்க்காம்புகளில் கெரெங்கா எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கின. பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் பார்த்தபோது, தளிரின் அடிப்புறத்திலும் காம்பிலும் பழுப்பு நிறத்தில் பேரிக்காய் வடிவச் சிறு பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. அசுவினி என்று உடனே தெரிந்துகொண்டேன். ஆனால் வயிற்றின் பின்பகுதியில் இருக்கும் இரண்டு குழல்கள் நான் இதுவரை பார்த்த அசுவினிகளைப் போல் இல்லை. அவை உடலின் அளவோடு பார்க்க மிக நீளமாக, வெளிப்புறமாக வளைந்து, நுனிவரை முடி முளைத்து நின்றன.

படத்தை ஒரு புலனக் குழுவில் பகிர்ந்தேன். அதைப் பார்த்த ஒருவர், மலேசியாவில் இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் இது என்றும், உடனே பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர்களில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி மட்டும், "யாரும் எழுதவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. தெரியாத ஒன்றை அவர்கள் முன்னால் உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. என் வீட்டுக் கறிவேப்பிலையில் பளபளவென்று கறுத்த அசுவினி இருக்கிறது. அதன் படத்தைத் தேடியபோது ஓரிடத்தில் டாக்ஸாப்டிரா ஆரன்டி என்றும் வேறோரிடத்தில் ஏஃபிஸ் ஆரன்டி என்றும் பெயர் வந்தது. இவை இரண்டு இனங்களா? அரசமரத்தில் இருப்பது எது, எந்த நிலையில் ஒன்றைப் புதிய பதிவு என்று சொல்லலாம், மாதிரிகளை எப்படிச் சேமிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

---

கண்ணாடித்தகடு எழுதியது:

வணக்கம், ஐயா. நான் பூச்சி மாதிரிகளைப் பதப்படுத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். அந்தச் சிறுமியின் கேள்விதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பூச்சி. கார்னிக்கிள் என்று சொல்லப்படும் அந்தக் குழல்கள் நீளமாகவும், வளைந்தும், முடி அடர்ந்தும் இருந்தால் நாம் கிரீனிடியா என்ற பேரினத்தின் பக்கம் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம். நம் தோட்டங்களில் வழக்கமாகக் காணும் அசுவினிகளின் குழல்கள் முடியின்றி இருக்கும். கிரீனிடியாவும் அதன் உறவுகளும் அடங்கிய துணைக்குடும்பத்துக்குத் தாயகமே தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆசியாதான். பெயரின் வரலாறும் நமக்கு அருகில் உள்ளது. இலங்கையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த எர்னெஸ்ட் கிரீன் என்பவரின் பெயரால் ஷூட்டெடன் 1905இல் இந்தப் பேரினத்தை அமைத்தார். அதில் அடங்கும் ஆர்ட்டோகார்ப்பி என்ற இனத்தை வெஸ்ட்வுட் 1890இலேயே விவரித்திருந்தார். பெயர் காட்டுவதுபோல் அது பலாவோடு தொடர்புடையது.

அரசு, ஆல், இச்சி போன்ற அத்தி இன மரங்களில் பரவலாகக் காணப்படுவது கிரீனிடியா ஃபிசிகோலா. இதைத் தக்காஹாஷி 1921இல் தைவானிலிருந்து விவரித்தார். உங்கள் மரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஆனாலும் படத்தை மட்டும் பார்த்து அப்படி முத்திரை குத்த நான் ஒப்ப மாட்டேன். அத்தி மரங்களில் வாழும் கிரீனிடியா இனங்கள் பல உண்டு. அவற்றைப் பிரிப்பதற்கு முதுகு முடிகளின் வடிவத்தையும், உறிஞ்சுகுழலின் கடைசிக் கணு எவ்வளவு நீளம் என்பதையும், உணர்கொம்பின் கடைசிக் கணுவில் அடிப்பகுதிக்கும் மெல்லிய நுனிப்பகுதிக்கும் உள்ள விகிதத்தையும் நுண்ணோக்கியில் அளந்தாக வேண்டும். ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சியின் உறுப்பை அளப்பதற்குக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிய மாதிரியைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, புதிய பதிவு என்ற சொல். ஒரு நாட்டுக்குப் புதிய பதிவு என்று சொல்லும்போது, பூச்சி அங்கே நேற்று வந்து சேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. இந்த இனம் இந்த நாட்டில் இருப்பதற்கு இதுவரை அச்சில் வந்த சான்று ஏதும் இல்லை, இப்போது என்னிடம் ஒரு சான்று இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆகவே அதன் முதல் பாதி நூலக வேலை. மலாய் தீபகற்பத்து அசுவினிகளுக்குத் தக்காஹாஷி 1950இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பக்கத்து ஜாவாவின் அசுவினிகளை வான் டெர் கூட் 1917இலேயே விரிவாக விவரித்திருந்தார். உலகின் மரங்களில் வாழும் அசுவினிகளுக்குப் பிளாக்மன், ஈஸ்டாப் இருவரும் 1994இல் மரம்வாரியாகத் திறவுகோல் (உறுப்புகளை ஒப்பிட்டு இனத்தைக் கண்டறியும் வழிகாட்டி) தந்தனர். இவற்றைப் பார்க்காமல் யாரும் பதிவு செய்யவில்லை என்று சொல்வது, அலமாரியைத் திறக்காமலே புத்தகம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். அதிலும் ஃபிசிகோலா ஆசியாவின் இந்தப் பகுதிக்கே உரிய இனம். அதன் புதிய பதிவுகள் என்று இந்த நூற்றாண்டில் பேசப்பட்டவை மேற்கிலிருந்து வந்தவை. தெருவோர நிழலுக்காக நட்ட அத்தி மரங்களில் அது புளோரிடாவிலும் சிசிலியிலும் கண்டறியப்பட்டது. பிறகு ஸ்பெயினிலும் தூனிசியாவிலும் பதிவானது. அங்கே அது வந்தேறி. உங்கள் அரசமரத்தில் அது சொந்த ஊரில் இருக்கிறது.

பழைய பட்டியலைப் புரட்டும்போது நீங்கள் தேடும் பெயர் அங்கே இல்லாமல் போகலாம். பூச்சி வேறு பெயரில் அங்கேயே இருக்கும். உங்கள் கறிவேப்பிலை அசுவினி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நீங்கள் கண்ட இரண்டு பெயர்களும் ஒரே பூச்சியைத்தான் குறிக்கின்றன. பிரான்சில் போயே டி ஃபோன்ஸ்கொலோம்ப் 1841இல் இதற்கு ஏஃபிஸ் ஆரன்டி என்று பெயரிட்டார். இந்தப் பூச்சி பின்காலில் உள்ள முளைபோன்ற முடிகளை வயிற்றின் அடியில் இருக்கும் வரிவரியான பகுதியில் உரசி ஒலி எழுப்பும். பின்னாளில் இந்த அமைப்பை அடையாளமாகக் கொண்டு, கோக் 1856இல் அமைத்த டாக்ஸாப்டிரா என்ற தனிப் பேரினத்தில் இதையும் இதன் உறவினங்களையும் வைத்தார்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த இனங்கள் தனிக் கிளையாக நிற்காமல் ஏஃபிஸ் பேரினத்துக்குள்ளேயே விழுந்தன. அதனால் 2014இல் டாக்ஸாப்டிரா ஏஃபிஸோடு இணைக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பூச்சி தன் முதல் பெயருக்கே திரும்பிவிட்டது. ஒரு சிறு விவரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால், முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விலங்கியல் மரபு. ஆரன்டி தாய்ப் பேரினத்துக்கே திரும்பியதால் அந்த அடைப்புக்குறி இப்போது நீங்கிவிட்டது.

ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ஆரன்டிதானா என்பது தனிக் கேள்வி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால், கிர்கால்டி 1907இல் விவரித்த சிட்ரிசிடஸ் என்ற கறுப்பு அசுவினியும் அங்கே வாழும். எலுமிச்சைக் குடும்ப மரங்களை வாட்டும் டிரிஸ்டீசா என்ற நச்சுயிரியைப் பரப்புவதில் அதுதான் முதன்மையானது. ஆகவே இந்த இரண்டையும் பிரித்தறிவது தோட்டக்காரருக்கும் தேவைப்படும். இறக்கை முளைத்த ஒன்றைப் பிடித்து முன்னிறக்கையின் நடு நரம்பைப் பாருங்கள். ஆரன்டியில் அது பெரும்பாலும் ஒரு முறை மட்டும் கிளைக்கும், சிட்ரிசிடஸில் இரண்டு முறை கிளைக்கும். உணர்கொம்பின் மூன்றாம் கணு முழுக்கக் கறுப்பாக இருந்தால் சிட்ரிசிடஸ் என்று ஐயப்படலாம். பூச்சிகளை ஆல்கஹாலில் போட்டு வைத்து அது ஆழ்ந்த சிவப்பாக மாறுகிறதா என்றும் கவனியுங்கள். சிட்ரிசிடஸ் நிறம் விடும், ஆரன்டி விடாது.

சேமிப்பைப் பற்றி: உடலமைப்பு பார்க்க 70 முதல் 80 விழுக்காடு ஆல்கஹால் போதும். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் தனிப் புட்டியில் 95 விழுக்காடு வேண்டும். தளிரோடு கிள்ளிப் போட்டுவிடாமல் ஈரத் தூரிகையால் தொட்டு எடுங்கள், கால்கள் முறியாது. இறக்கை உள்ளவை, இல்லாதவை, குஞ்சுகள் என்று எல்லாப் பருவங்களும் இருக்கட்டும். ஆல்கஹாலில் நிறம் போய்விடும் என்பதால் உயிரோடு இருந்தபோது கண்ட நிறத்தை அப்போதே எழுதி வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையிலிருந்து கொண்டுவந்த பதினேழு புட்டிகள் இந்த ஒரு காரணத்தால் ஊர் பெயர் இல்லாமல் போயின. அந்தப் பூச்சிகளை இன்றுவரை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை.

தகட்டில் ஏற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். வயிற்றில் மெல்லிய ஊசியால் துளையிட்டு, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் வைத்து உள்ளுறுப்புகளைக் கரைத்து, கழுவி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதிக்க வேண்டும். அந்தக் காரம் கண்ணில் பட்டால் கேடு.

---

வேலியோரம் எழுதியது:

வணக்கம், ஐயா. நான் பூச்சியியல் படித்தவள் அல்லள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பத்துப் பதினைந்து வீடுகளுக்கு முருங்கை, அகத்தி, கறிவேப்பிலைக் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கிறேன். கண்ணாடித்தகடு அவர்கள் சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மரத்தில் பூச்சி உட்கார்ந்திருப்பது வேறு, அந்த மரத்தில் பூச்சி வாழ்வது வேறு. இறக்கை முளைத்த அசுவினி காற்றில் அடித்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் இறங்கும். என் வேலியில் இருக்கும் கிளிரிசீடியாவில் கறுப்பு அசுவினி ஏறிவிட்டால், அந்த வாரம் முழுவதும் பக்கத்து மாமரத்து இலையிலும் துணி காயப்போடும் கம்பியிலும்கூட ஒன்றிரண்டைப் பார்ப்பேன். மா இலையில் கண்டதை வைத்து மாமரத்து அசுவினி என்று எழுதினால் தவறாகிவிடும். தாயும் குஞ்சுகளும் சேர்ந்து கூட்டமாக இருந்தால்தான் அது அங்கே குடியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். நம் வெப்ப நாட்டில் இவை ஆண் துணையின்றி ஆண்டு முழுவதும் நேரடியாகக் குஞ்சு ஈனுவதால், குடியிருக்கும் மரத்தில் குஞ்சுகளைக் காணாமல் இருக்க முடியாது. அந்தக் கிளிரிசீடியா அசுவினியே அகத்தியையும் முருங்கையையும் பிடிக்கும். கோக் 1854இல் பெயரிட்ட ஏஃபிஸ் கிராக்கிவோரா அது என்று ஒரு விவசாய அதிகாரி எனக்குச் சொன்னார். வளர்ந்தவை வார்னிஷ் பூசியதுபோல் மின்னும், குஞ்சுகள் சாம்பல் படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, கறிவேப்பிலைத் தளிரில் இருப்பதெல்லாம் அசுவினி ஆகாது. எலுமிச்சைச் சில்லிட் என்ற தாவும் பேனும் அங்கேதான் வளர்கிறது. அதன் குஞ்சு மஞ்சளாகவும் தட்டையாகவும் இருக்கும், வெள்ளை மெழுகு நூலை வெளிவிடும். வளர்ந்தது தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்காரும், தொட்டால் துள்ளும். எலுமிச்சை இனங்களில் இலை மஞ்சளாகும் கொடிய நோயைப் பரப்புவது இதுதான். புட்டியில் இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுத்து முடிக்கும்வரை அரசமரத்துக்கு யாரும் மருந்து அடிக்காமல் இருக்கக் கோயில் தலைவரிடம் சொல்லி வையுங்கள். முடித்த பிறகும் அடிக்க வேண்டாம் என்றே நான் கேட்டுக்கொள்வேன். தளிர் முற்றினால் கூட்டம் தானே குறைந்துவிடும். பொறிவண்டுகள் வரத் தொடங்கியிருந்தால் இன்னும் விரைவில் குறையும். மேடையைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

---

அரசடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயில் தலைவரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்பாக மேடையைக் கழுவிவிடுவதாகவும், மரத்தின் மேல் எதையும் தெளிக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

கறிவேப்பிலை அசுவினியைப் பிள்ளைகளோடு சேர்ந்து சோதித்தோம். இறக்கை உள்ளவை நான்கு கிடைத்தன. அவற்றை வெள்ளைத் தட்டில் ஒரு துளி நீரில் மிதக்கவிட்டு, இறக்கையைத் தூரிகையால் விரித்துப் பார்த்தோம். நான்கிலும் நடு நரம்பு ஒரே ஒரு முறைதான் கிளைத்திருந்தது. முன்னிறக்கையின் விளிம்பில் கறுத்த ஒரு திட்டு தெளிவாகத் தெரிந்தது. உணர்கொம்பு கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்டிருந்தது. இருபது பூச்சிகளை ஆல்கஹாலில் இட்டு இரண்டு நாள் வைத்தோம். அது சிவக்கவில்லை. அந்தச் சிறுமி தன் குறிப்பேட்டில் ஆரன்டி என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் போயே டி ஃபோன்ஸ்கொலோம்ப், 1841 என்றும் எழுதிக்கொண்டாள்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அரசமரத்து இனம் பழைய பட்டியலில் ஏற்கெனவே இருந்தால், நாங்கள் எடுத்த மாதிரிக்குப் பயன் உண்டா?

---

கண்ணாடித்தகடு எழுதியது:

நிச்சயமாக உண்டு, ஐயா. நாட்டுக்குப் புதிதாக இல்லாத இனம் ஒரு மரத்துக்குப் புதிதாக இருக்கலாம், ஒரு மாநிலத்துக்குப் புதிதாக இருக்கலாம். 1950இல் அச்சான ஒரு வரியை இன்றைய மாதிரி ஒன்று உறுதிப்படுத்துவதே மதிப்புள்ள செய்தி. தகட்டில் ஏற்றி அளந்த பிறகு இரண்டு தகடுகளையாவது பொதுச் சேகரிப்பு ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். கெப்போங் வன ஆய்வுக் கழகத்திலும், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் பூச்சி வகைப்பாட்டு மையத்திலும் பூச்சிச் சேகரிப்புகள் உண்டு. நாளைக்கு ஒருவர் நம் முடிவை மறுக்க விரும்பினால், அவர் எடுத்துப் பார்க்க அந்தத் தகடு அங்கே இருக்க வேண்டும். மாதிரி இல்லாத பதிவை யாராலும் சரிபார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

புதியது எதையாவது தேடியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், தளிரில் பளிச்சென்று தெரிபவற்றை விட்டுவிட்டு, அசுவினி என்றே யாரும் எண்ணாதவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தென்னங்கன்றுகளின் இளம் ஓலையில், ஊசித்தலை அளவில், கறுத்த வட்டமாக, விளிம்பைச் சுற்றி வெள்ளை மெழுகுக் கரையோடு அசையாமல் ஒட்டியிருக்கும் ஒன்றைக் காணலாம். பார்ப்பவர்கள் செதிற்பூச்சி என்றோ வெள்ளை ஈயின் கூடு என்றோ கடந்துபோவார்கள். உருப்பெருக்கியில் தலையின் முன்னால் இரண்டு குட்டிக் கொம்புகள் தெரிந்தால் அது செரடாஃபிஸ் என்ற அசுவினி. பனை வகை மரங்களில் வாழும் இனத்துக்குப் பிரேசிலியென்சிஸ் என்று பெயர். ஹெம்பெல் 1901இல் பிரேசிலில் கண்டு விவரித்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே பூச்சி நெடுங்காலம் வேரியாபிலிஸ் என்ற பெயரிலும் எழுதப்பட்டது. ஆனால் இந்தப் பேரினத்தின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. செரடாஃபிஸ் இனங்கள் கரணை (பூச்சியால் செடியில் உண்டாகும் புடைப்பு) உண்டாக்கி வாழும் முதன்மை மரம் ஸ்டைராக்ஸ். சுமத்ராவிலும் இந்தத் தீபகற்பத்திலும் வளரும் ஸ்டைராக்ஸ் பென்சாயின் மரத்தின் பிசினைத்தான் மலாய்க்காரர்கள் கெமெஞான் என்கிறார்கள், நாம் சாம்பிராணி என்கிறோம். உங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் புகைகிற அந்தப் பிசினின் மரத்துக்கும் மேடைக்கு அப்பால் நிற்கும் தென்னைக்கும் இடையில் ஓர் அசுவினியின் உறவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெயரில் பிரேசில் இருப்பதால் அதை வெளிநாட்டுப் பூச்சி என்று யாராவது எழுதிவிட்டால் என்ன ஆகும் என்றும் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அரசமரத்து மாதிரி கிடைத்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தகட்டில் ஏற்றி அளவுகளோடு திருப்பி அனுப்புகிறேன்.

---

அரசடி எழுதியது:

இன்று காலை எடுத்துவிட்டோம், ஐயா. புட்டிக்குள் பென்சிலால் எழுதிப் போட்ட சீட்டை அப்படியே தருகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள், மூடி ஒட்டுவதற்கு முன் மாற்றிவிடலாம்.

"மலேசியா, பேராக், சுங்கை சிப்புட், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். அரசமரம், செந்தளிரின் அடிப்புறமும் காம்பும், தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். இறக்கை இல்லாதவை 14, இறக்கை உள்ளவை 3, குஞ்சுகள் பல. உயிரோடு: உடல் பழுப்பு, குழல்கள் கறுப்பு. கெரெங்கா எறும்பு உடன் இருந்தது."

தேதியும், எடுத்த ஐந்து பிள்ளைகளின் பெயர்களும் சீட்டின் பின்புறத்தில் உள்ளன. தென்னைக்கு அடுத்த வாரம் போகிறோம்.

---

கண்ணாடித்தகடு எழுதியது:

குறை ஒன்றுதான், ஐயா. தேதியைப் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்குக் கொண்டுவந்து ஊர்ப் பெயருக்கு அடுத்து எழுதிவிடுங்கள். புட்டிக்குள் சீட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கம் மட்டுமே வெளியே தெரியும்.